காதைக் கிழிக்கும் சைலன்சர்: ஓட்டுகிறவனைப் பிடிக்கிறோம், மாட்டிவிட்டவனை?

படபட... படார்... டமார்!

துப்பாக்கிச் சூடு அல்ல. தீபத் திருநாள் வெடியும் அல்ல. கல்யாண ஊர்வலத்துச் சரவெடியும் அல்ல.

ஒரு மோட்டார் சைக்கிள். ஓட்டுகிறவர் ஒரு வாலிபர். பின்னால் இன்னொருவர். கம்பெனிக்காரன் மாட்டிக் கொடுத்த சைலன்சர் வீட்டுப் பரணில் தூங்குகிறது. வண்டியில் இருப்பது கடையில் தனியாக வாங்கி மாட்டிய குழாய். அதனால் ஊர் தூங்கவில்லை.

திருவண்ணாமலையில் இந்தச் சத்தத்தைக் கேட்காதவர் யாராவது இருந்தால் அவர் கொடுத்து வைத்தவர். தேரடி வீதியில் கடை வைத்திருப்பவரைக் கேளுங்கள். செங்கம் ரோட்டில் குடியிருப்பவரைக் கேளுங்கள். வேங்கிக்காலில் இருந்து பஸ் ஏறி வேலைக்கு வரும் குமாஸ்தாவைக் கேளுங்கள். வாடிக்கையாளர் விலை கேட்டால் கடைக்காரர் காதில் விழுவதில்லை. கடைக்காரர் சொன்னால் வாடிக்கையாளர் காதில் விழுவதில்லை.

"போலீஸ் என்ன செய்யுது?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. போலீசார் அவ்வப்போது பிடிக்கத்தான் செய்கிறார்கள். அபராதம் போடுகிறார்கள். ஆனாலும் சத்தம் குறைந்தபாடில்லை. ஏன்?

காரணம் இதுதான். ஓட்டுகிறவனை மட்டும் பிடிக்கிறோம். விற்றவனையும் மாட்டிவிட்டவனையும் விட்டுவிடுகிறோம். குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு தரையைத் துடைக்கிற கதை!

பெயரே சொல்கிறது

சைலன்ஸ் என்றால் அமைதி. சைலன்சர் என்றால் அமைதிப்படுத்துகிற சாமான். அதை மாற்றி விட்டு, சத்தம் போடுகிற குழாயை மாட்டி, அதையும் சைலன்சர் என்றே அழைக்கிறார்கள். வேடிக்கைதான்.

அது என்ன வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம்.

எஞ்சினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து எரிகிறது. எரிந்த புகை அதிக அழுத்தத்தோடு வால்வு வழியாக வெளியே பாய்கிறது. ஒவ்வொரு பாய்ச்சலும் ஒரு சின்ன வெடி.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை புகை வெளியே வரும். ஒற்றை சிலிண்டர் வண்டி நிமிஷத்துக்கு 3000 சுற்று ஓடினால் 1500 வெடி. வினாடிக்கு 25!

இந்த வெடிகளை அப்படியே வெளியே விட்டால் தெருவில் ஒருவரும் நிற்க முடியாது. அதனால்தான் சைலன்சர். உள்ளே அறை அறையாகத் தடுப்புத் தகடுகள் இருக்கும். துளை போட்ட குழாய்கள் இருக்கும். சில வகையில் கண்ணாடிப் பஞ்சு அடைத்திருப்பார்கள். புகை ஒவ்வொரு அறையாகச் சுற்றி, விரிந்து, வேகம் குறைந்து, சாதுவாக வெளியே வரும்.

இப்போது வரும் வண்டிகளில் இன்னொரு சாமானும் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.6 விதி அமலுக்கு வந்தது. அதன்படி புகையில் உள்ள விஷ வாயுக்களைக் குறைக்க 'கேட்டலிடிக் கன்வெர்ட்டர்' என்ற வடிகட்டி வைக்கிறார்கள். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகப் பூச்சு அதில் இருக்கிறது. புகையில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு சென்சாரும் உண்டு.

எத்தனையோ என்ஜினீயர்கள் கணக்குப் போட்டுச் செய்ததை, பட்டறையில் பத்து நிமிஷத்தில் ஸ்பேனரால் கழற்றி எறிகிறார்கள்.

பவர் கூடுமா?

"ஃப்ரீ ஃப்ளோ போட்டா வண்டி பறக்கும் சார்!"

கடைக்காரர் சொல்லும் மந்திரம் இது. பையன்கள் நம்புகிறார்கள்.

உண்மை என்ன? பந்தய மைதானத்து வண்டியில் புகைக் குழாயை மாற்றினால் கொஞ்சம் சக்தி கூடும். ஆனால் அங்கே குழாயை மட்டும் மாற்றுவதில்லை. பெட்ரோல் போகும் அளவு, காற்று வடிகட்டி, எஞ்சின் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றி, மெஷினில் ஏற்றிச் சோதிப்பார்கள்.

தெரு வண்டியில் குழாயை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்? கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் பெட்ரோல் குறைந்து காற்று கூடும். எஞ்சின் சூடேறும். நாளாக ஆக வால்வும் பிஸ்டனும் பழுதாகும். புது வண்டியாக இருந்தால் சென்சார் குழம்பி, மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரியும். கம்பெனி வாரண்டிக்கும் ஆபத்து.

பழைய யமஹா ஆர்.எக்ஸ்.100 வைத்திருப்பவர்கள் இதை இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும். 1985 முதல் 1996 வரை இந்தியாவில் தயாரான வண்டி அது. இரண்டு ஸ்ட்ரோக். அந்த வகை எஞ்சினில் சைலன்சரின் உருவமே எஞ்சினின் ஒரு பாகம் மாதிரி. அந்தக் குழாயில் இருந்து திரும்பி வரும் அழுத்த அலைதான், எரியாத பெட்ரோல் வெளியே ஓடாமல் சிலிண்டருக்குள் தள்ளி வைக்கிறது. அதைக் கெடுத்தால் சத்தம் ஏறும், இழுவை இறங்கும். காசு கொடுத்து வண்டியின் உயிரை எடுப்பது என்றால் இதுதான்!

சத்தம் கூடினால் வேகம் கூடிய மாதிரி காதுக்குத் தோன்றும். அவ்வளவுதான்.

எத்தனை பெயர்கள்!

இந்தக் குழாய்களுக்குச் சந்தையில் செல்லப் பெயர்கள் உண்டு. ஷார்ட் பாட்டில், லாங் பாட்டில், கோல்டு ஸ்டார், இந்தோரி, பஞ்சாப், டால்பின் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். டெல்லி கரோல் பாக், சென்னை புதுப்பேட்டை என்று பெரிய ஊர்ச் சந்தைகளில் வாங்கலாம். இப்போது செல்போனில் ஆர்டர் போட்டால் பார்சல் வீட்டு வாசலுக்கே வருகிறது.

இதில் ஒரு தந்திரம் தெரியுமா? சில குழாய்களின் வாயில் ஒரு சிறிய செருகு குழாய் இருக்கும். அதன் பெயர் 'டிபி கில்லர்'. ஒரே ஒரு ஸ்குரூதான். அது உள்ளே இருந்தால் சத்தம் கொஞ்சம் அடங்கும். சோதனை இருக்கிறது என்று தெரிந்தால் செருகிக் கொள்வது. போலீஸ் தலை மறைந்ததும் கழற்றிப் பையில் போடுவது. திருடன் - போலீஸ் விளையாட்டு!

கண்ணாடிப் பஞ்சு அடைத்த குழாயில் இன்னொரு சங்கதி. சூட்டில் பஞ்சு நாளுக்கு நாள் கருகிப் போகும். வாங்கிய அன்று "அவ்வளவு சத்தம் இல்லையே" என்று தோன்றிய குழாய், சில மாதத்தில் ஊரைக் கூட்டும்.

இதையெல்லாம் மிஞ்சியது 'படார்' வித்தை. ஓடுகிற வண்டியில் இக்னிஷனை ஒரு நொடி அணைத்துப் போடுவார்கள். எரியாத பெட்ரோல் சூடான குழாய்க்குள் போய் அங்கே வெடிக்கும். சில சமயம் நெருப்பே வெளியே வரும். திருவிழாப் பந்தல், ஓலைக் கொட்டகை, பெட்ரோல் பங்க் எல்லாம் இருக்கிற ஊரில் இது விளையாட்டா?

யாருக்கு வலி?

திருவண்ணாமலைக்கு ஏன் ஜனங்கள் வருகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை. இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள். பவுர்ணமிக்கு லட்சக்கணக்கில் வருகிறார்கள். மற்ற நாளிலும் ராத்திரி பகல் பாராமல் ஜனம் நடக்கிறது. பெரும்பாலும் வெறுங்காலோடு. வயசானவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், நேர்த்திக்கடன் உள்ளவர்கள்.

1896-ல் மதுரையில் இருந்து ஒரு பள்ளிக்கூடப் பையன் இந்த ஊருக்கு வந்தார். 1950-ல் மறையும் வரை ஊரைத் தாண்டவில்லை. பேசாமல் இருந்தே பாடம் சொன்னவர் என்று ரமணரை உலகம் பேசுகிறது. அவர் ஆசிரமம் இருப்பது செங்கம் ரோட்டில். அதே ரோட்டில்தான் இன்றைக்கு 'படார்' சத்தம்.

சாமி நம்பிக்கை இல்லாதவர்களும் இந்த ஊரில் உண்டு. அவர்களுக்கும் சொல்கிறேன். இந்த ஊரின் பிழைப்பு இந்த அமைதியில்தான் இருக்கிறது. லாட்ஜ், ஓட்டல், ஆட்டோ, பூக்கடை, தேங்காய்க் கடை, டீக்கடை எல்லாம் வெளியூர்க்காரர் வருவதால் ஓடுகிறது. அவர்கள் கடலையோ அருவியையோ தேடி இங்கே வரவில்லை. மலையைச் சுற்றி நிம்மதியாக நடக்க வருகிறார்கள். அந்த நிம்மதியைக் கெடுத்தால் வியாபாரத்துக்கும் கேடு.

இருட்டில் நடக்கும் பக்தரின் முதுகுக்குப் பின்னால் திடீரென்று 'டமார்' என்று வெடித்தால் என்ன செய்வார்? துள்ளிக் குதிப்பார். எந்தப் பக்கம் குதிப்பார்? கிரிவலப் பாதையில் ஒரு பகுதி பஸ்ஸும் லாரியும் போகிற செங்கம் ரோடு. ரோட்டுப் பக்கம் குதித்தால் யார் பொறுப்பு?

ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் இருதய நோயாளியை நினையுங்கள். பிறந்து பத்து நாள் ஆன குழந்தையை நினையுங்கள். ராத்திரி டூட்டி முடித்துப் பகலில் கண்ணயரும் நர்ஸை, பஸ் டிரைவரை நினையுங்கள். பொதுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையை நினையுங்கள். மலையடிவாரக் காட்டில் மான்கள் இருக்கின்றன. அவற்றுக்கு மனு எழுதத் தெரியாது.

டெசிபல் கணக்கு

சத்தத்தை டெசிபல் என்ற அளவில் சொல்வார்கள். இந்தக் கணக்கு கொஞ்சம் விநோதமானது.

3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு. 10 கூடினால் 10 மடங்கு. 20 கூடினால் 100 மடங்கு!

மத்திய அரசின் சுற்றுச்சூழல் விதிப்படி, புது மோட்டார் சைக்கிள் தயாராகும்போது ஓடவிட்டு, 7.5 மீட்டர் தள்ளி மைக் வைத்து அளக்கிறார்கள். 80 சி.சி.க்கு மேல் 175 சி.சி. வரை 77 டெசிபல். 175 சி.சி.க்கு மேல் 80 டெசிபல். இதைத் தாண்டக் கூடாது.

77-ல் இருந்த வண்டி குழாய் மாற்றியதும் 97-க்கு ஏறினால், "20 தானே கூடியிருக்கு" என்று சொல்ல முடியாது. நூறு வண்டிச் சத்தத்தை ஒரே வண்டியில் ஏற்றிய மாதிரி!

2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இன்னொன்றும் சொல்கின்றன. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு. அமைதிப் பகுதி என்றால் 40.

பிரான்ஸ் தலைநகர் பாரீசில் ஒலியைக் கண்காணிக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது. பெயர் புருயிபாரிஃப். அது ஒரு கணக்குச் சொன்னது. சைலன்சரைக் கெடுத்த ஒரே ஒரு ஸ்கூட்டர் நள்ளிரவில் பாரீசைக் குறுக்கே கடந்தால் 10 ஆயிரம் பேர் வரை தூக்கம் கலையக்கூடும் என்று.

ஒரு வண்டி. ஒரு ராத்திரி. 10 ஆயிரம் பேர்!

பாரீசில் சும்மா இருக்கவில்லை. 2022-ல் சத்தத்தை அளந்து, நம்பர் பிளேட்டைப் படம் எடுக்கும் ஒலி ரேடார் கருவியைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். ஆஸ்திரியாவில் டிரோல் மலைப் பகுதியில் 2020 முதல், நின்ற நிலையில் 95 டெசிபலுக்கு மேல் பதிவான மோட்டார் சைக்கிள்களுக்குச் சில மலை ரோடுகளில் கோடைக்காலத் தடையே போட்டார்கள். மலையும் அமைதியும் உள்ள ஊர் அவர்களுக்குப் பொக்கிஷம். நமக்கு?

முதல் பலி பட்டறைப் பையன்

யாரும் நினைத்துப் பார்க்காத ஒரு ஆள் இருக்கிறான். பட்டறையில் வேலை கற்றுக்கொள்ளும் பையன்.

85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரைதான் இருக்கலாம் என்பது நிபுணர்கள் சொல்லும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி. 91 என்றால் 2 மணி. 94 என்றால் 1 மணி. 97 என்றால் அரை மணி. 100 என்றால் கால் மணிதான்.

குழாயை மாட்டிவிட்டு, "சவுண்டு பாருடா" என்று ஆக்சிலேட்டரை முறுக்குவார்கள். ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை. தகரக் கொட்டகைக்குள். பக்கத்தில் குந்தியிருக்கும் பையன் காதுக்கும் குழாய்க்கும் ஒரு முழம்தான் தூரம். காதுக்குள் உள்ள நுண்ணிய மயிரணுக்கள் ஒரு தடவை செத்தால் திரும்ப முளைக்காது. முப்பது வயசில் காது மந்தம் ஆனால் எந்த வாடிக்கையாளர் வந்து ஆஸ்பத்திரி செலவு கொடுப்பார்?

பட்டறைக்காரர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. வாடிக்கையாளர் கேட்கிறார், மாட்டுகிறோம், வயிற்றுப் பிழைப்பு என்பார்கள். புரிகிறது. ஆனால் நல்ல மெக்கானிக்குக்கு வேலைக்குப் பஞ்சமா? எஞ்சின் வேலை, கிளட்ச் வேலை, பிரேக் வேலை என்று எவ்வளவோ இருக்கிறது. ஊர் சாபத்தை வாங்குகிற வேலை எதற்கு?

சொல்லும் சமாதானங்கள்

கேட்டால் நான்கு சமாதானம் சொல்வார்கள்.

"புல்லட்டுன்னா சத்தம் இருக்கணும் சார், அது பாரம்பரியம்!"

1955-ல் சென்னையில் என்பீல்டு கம்பெனி ஆரம்பித்து, திருவொற்றியூரில் புல்லட் தயாரித்தது. அந்தப் பழைய புல்லட்டின் 'டுப் டுப்' சத்தத்தைப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். நிதானமாக, கம்பீரமாக இருக்கும். அது கம்பெனி சைலன்சரோடு வந்த சத்தம். காதைக் கிழிக்கிற 'டமார்' பாரம்பரியம் இல்லை.

"சத்தம் இருந்தாத்தான் லாரிக்காரன் ஒதுங்குவான், உயிருக்குப் பாதுகாப்பு!"

சைலன்சரின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது? பின்பக்கம். உங்களுக்கு ஆபத்து பெரும்பாலும் எந்தப் பக்கம் இருந்து? முன்பக்கம். எதிரே வருகிறவனுக்கு ஹாரனும் ஹெட்லைட்டும் போதும். தலைக்கு ஹெல்மெட் போடாமல் குழாய்க்குக் காசு போடுகிறவர் பாதுகாப்பைப் பற்றிப் பேசலாமா?

"என் வண்டி, என் காசு!"

வண்டி உங்களுடையது. ரோடு எல்லோருடையது. காது அவரவருடையது. 2005 ஜூலை 18 அன்று ஒலி மாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒலியைப் பெருக்கி அடுத்தவர் காதில் திணிப்பதை அடிப்படை உரிமை என்று ஒருவரும் கேட்க முடியாது.

"எங்களை மட்டும் பிடிக்கிறாங்க, பஸ் ஏர் ஹாரனை யாரு கேட்கிறாங்க? கூட்டத்துல லவுட் ஸ்பீக்கரை யாரு கேட்கிறாங்க?"

இது நியாயமான கேள்வி. பல ராகத்தில் அலறும் ஹாரனும் விதிப்படி தப்புதான். ராத்திரி பத்து மணிக்கு மேல் அலறும் ஒலிபெருக்கியும் தப்புதான். கட்சி, ஜாதி, மதம் பார்க்காமல் அதையும் பிடிக்க வேண்டும். வாலிபன் என்றால் ஒரு சட்டம், பெரிய மனுஷன் என்றால் ஒரு சட்டம் கூடாது. ஆனால் அவன் செய்கிறான் என்பதற்காக நீங்கள் செய்வது சரியாகிவிடாது.

சட்டத்தில் ஓட்டை

சட்டம் இல்லாமல் இல்லை. நிறையவே இருக்கிறது.

1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-வது விதி, ஒவ்வொரு வண்டியிலும் சத்தத்தை முடிந்த அளவு குறைக்கும் சைலன்சர் இருக்க வேண்டும் என்கிறது.

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி செய்து கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்து வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது.

2019 திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றிய உரிமையாளருக்கு 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

190-வது பிரிவு இன்னும் கடுமை. ஒலி, புகை வரம்பை மீறிய வண்டியை ஓட்டினாலோ, ஓட்ட விட்டாலோ, முதல் தடவை 3 மாதம் வரை ஜெயில், அல்லது 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லைசென்சும் 3 மாதம் செல்லாது. 'ஓட்ட விட்டாலோ' என்ற வார்த்தையைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும்!

18 வயசு நிரம்பாத பையன் கையில் வண்டி கொடுத்து அவன் குற்றம் செய்தால், பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை ஜெயிலும் 25 ஆயிரம் ரூபாய் அபராதமும் என்று 199-ஏ சொல்கிறது.

சரி, குழாயை விற்றவன்?

182-ஏ பிரிவு வண்டி தயாரிப்பவரை, இறக்குமதி செய்பவரை, வண்டி டீலரைப் பிடிக்கிறது. ஒரு ஆண்டு வரை ஜெயில் அல்லது வண்டிக்கு ஒரு லட்சம் அபராதம். பாதுகாப்புக்கு முக்கியம் என்று மத்திய அரசு அறிவித்த பாகங்களைத் தரமில்லாமல் விற்றவரையும் பிடிக்கிறது. ஆனால் சத்தக் குழாயைக் கடையில் தொங்கவிட்டு விற்பவரை, பட்டறையில் மாட்டிக் கொடுப்பவரை, பெயர் சொல்லிப் பிடிக்கிற வரி இந்தப் பிரிவுகளில் காணோம்.

வண்டியை மாற்றுவது குற்றம். மாட்டிக்கொண்டு ஓட்டுவது குற்றம். விற்பது வியாபாரம்! இது என்ன நியாயம்?

ரோடு ரோலர் போதுமா?

2023-ல் விசாகப்பட்டினத்தில் போலீசார் 600-க்கும் மேற்பட்ட சைலன்சர்களைப் பறிமுதல் செய்து, வரிசையாக அடுக்கி, ரோடு ரோலர் ஏற்றி நசுக்கினார்கள். பத்திரிகைகளில் படம் வந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். வேறு ஊர்களிலும் இந்த மாதிரி நடந்தது.

2021-ல் அலகாபாத் ஐகோர்ட்டின் லக்னோ கிளை, யாரும் வழக்குப் போடாமலேயே இந்தச் சத்தப் பிரச்சினையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. புல்லட் போன்ற வண்டிகளில் சைலன்சரை மாற்றுவதைக் கண்டித்தது.

சபாஷ் என்று சொல்லலாம். ஆனால் நசுக்கிய மறுநாள் அதே கடையில் அதே குழாய் தொங்கினால், ரோலர் நசுக்கியது இரும்பை மட்டும்தான்.

இன்னொரு சங்கதி. எல்லோரும் வண்டிக்குப் புகைச் சோதனைச் சான்றிதழ் வாங்குகிறோம். அங்கே பெட்ரோல் வண்டியில் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோ கார்பன் அளவைப் பார்க்கிறார்கள். சத்தத்தைப் பார்ப்பதில்லை! ஊரையே எழுப்புகிற வண்டி அங்கே பாஸ் ஆகி வெளியே வந்தாலும் ஆச்சரியம் இல்லை.

என்ன செய்யலாம்?

போலீசாருக்கு: மீட்டர் வரும் வரை காத்திருக்க வேண்டாம். குழாயில் கம்பெனி முத்திரை இருக்கிறதா, வண்டியோடு வந்த உருவம்தானா, செருகு குழாய் கழன்றிருக்கிறதா என்று கண்ணால் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். மீதிக்கு டெசிபல் மீட்டர் ஒன்று ஸ்டேஷனுக்கு வாங்குங்கள். பிடிபட்ட ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள்: "எங்கே வாங்கினே? யாரு மாட்டினாங்க?" பதிலை நோட்டில் எழுதுங்கள். ஒரு மாதத்தில் எந்தக் கடைகள் என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு: புகைச் சோதனை மையத்திலேயே சைலன்சரையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்ல வழி செய்யுங்கள். டி.என்.25 என்ற நம்பரைக் கண்டால் வெளியூர்க்காரர் காதைப் பொத்தும் நிலை வேண்டாம்.

மாநகராட்சிக்கு: 2024-ல் திருவண்ணாமலை மாநகராட்சி ஆனது. கடைகளுக்குத் தொழில் உரிமம் கொடுப்பது உங்கள் கையில். சத்தக் குழாய் விற்க மாட்டேன், மாட்ட மாட்டேன் என்று பட்டறையும் உதிரி பாகக் கடையும் எழுதிக் கொடுக்க ஏற்பாடு செய்யலாமே?

அரசாங்கத்துக்கு: விற்பவரையும் மாட்டுபவரையும் நேராகப் பிடிக்கிற மாதிரி சட்டத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும். ஒரே ஒரு வரி.

கெடுபிடிக்கு முன்னால் ஒரு மாத அவகாசம் கொடுக்கலாம். "பழைய சைலன்சரை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வா, சத்தக் குழாயை ஒப்படைத்துவிட்டுப் போ, அபராதம் இல்லை" என்று அறிவித்துப் பாருங்கள். வாலிபர்கள் எல்லோரும் ரவுடிகள் அல்ல. சினிமா பார்த்து, செல்போன் வீடியோ பார்த்து, கூட்டாளி சொல்லி மாட்டியவர்கள்தான் அதிகம். இருபது வயசுப் பையன் மேல் வழக்கு ஏறினால் நாளைக்குப் பாஸ்போர்ட்டுக்கும் வேலைக்கும் அலைவது அவன் அப்பாதான். அந்த மாதிரி அப்பாக்கள் ஸ்டேஷன் வாசலில் நிற்பதைப் பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன்.

அவகாசம் முடிந்த பிறகும் திருந்தாதவர்களுக்குத் தயவு தேவையில்லை. அவர்களுக்கு விற்கிற கடைக்கும் தேவையில்லை.

நானும் உங்கள் வயசுக்காரன்தான். மோட்டார் சைக்கிள் மேல் எனக்கும் ஆசை உண்டு. மலையைச் சுற்றி விடியற்காலை வண்டியில் போகிற சுகம் எனக்கும் தெரியும். அந்தச் சுகத்துக்குச் சத்தம் தேவையே இல்லை.

பரண் மேல் இருக்கும் கம்பெனி சைலன்சரை இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்குங்கள். நாலு போல்ட்டு, பத்து நிமிஷ வேலை. அடுத்த பவுர்ணமிக்கு முன்னால் அதிகாரிகளும் கடைகளுக்குள் ஒரு நடை போய்ப் பார்க்கட்டும்.

செய்வார்களா? ஊர் காத்திருக்கிறது.